காலிக் கட்டத்து மோட்டார்கள்

போன வாரம், நம் ஆய்வுப் பிரிவுக்குப் புதிதாக வந்த உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்து, மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டார். "மேடம், தரவை இன்டர்ஃபேஸ் வழியா அனுப்புறோம். மென்பொருள் ஆயுள் கணக்கைப் போட்டுத் திருப்பி அனுப்பிடுது. இதுல நாம யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

நான் அப்போது மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். உண்மையில் நன்றாகவே கேட்டது. பதில் நீளம் என்பதால், மாவை வழித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் நாம் என்ன வேலை செய்கிறோம் என்று என் அண்ணனுக்கு இன்றுவரை புரியவில்லை. "வசந்தா மோட்டாருக்கு ஜாதகம் எழுதுறா" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார். அதைவிடப் பொருத்தமாகச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. போர் கிணற்றுக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார்களை நம் நிறுவனம் விற்கிறது, பராமரிக்கிறது. எது எத்தனை நாள் ஓடும், எது எப்போது படுக்கும் என்று பழைய பழுதுகளை வைத்து நாம் கணிக்கிறோம். மென்பொருள் கணக்குப் போடுகிறது. அதற்குச் சேதி கொண்டுபோய், பதில் வாங்கி வரும் நிரலை நாம் எழுதுகிறோம். ஜாதகம்தான். நமக்குத் தட்சிணை மாதச் சம்பளமாக வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சொல்லப்போவது ஒரு கோடையின் தொடக்கத்தில் நடந்தது. முன்பெல்லாம் எரிந்துபோன மோட்டார்களைக் காயில் கட்டுவதற்கு, அதாவது உள்ளே செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றுவதற்கு, கோயம்புத்தூருக்கு அனுப்புவோம். பிறகு ஊருக்கு வெளியே நாமே ஒரு கொட்டகை போட்டு, சுற்று வட்டாரத்துப் பெண்களைப் பழக்கி, இங்கேயே கட்டத் தொடங்கினோம். அந்தக் கொட்டகைக்குத் தலைவி பாண்டியம்மாள். களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர், பயிற்சிக்கு வந்தார், ஒரே வருஷத்தில் மற்றவர்களை வேலை வாங்கும் இடத்துக்கு வந்துவிட்டார். இதில் ஒரு சிக்கல். பாண்டியம்மாள் என் அண்ணன் மனைவி. என் மதினி.

ஒரு நாள் காலை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் மதுரையிலிருந்து தினமும் காரில் வருபவர். காரியாபட்டியில் நெரிசல் என்ற காரணத்தை அவர் சொல்லாத நாள் விடுமுறை நாளாகத்தான் இருக்கும். அன்று சீக்கிரமே வந்துவிட்டார். அதிலேயே எனக்குச் சந்தேகம்.

மேசைமேல், மோட்டார்கள் எத்தனை நாள் ஓடுகின்றன என்று காட்டும் ஒரு வரைபடம். நீலக் கோடு கோயம்புத்தூரில் காயில் கட்டிய மோட்டார்கள். சிவப்புக் கோடு நம் கொட்டகை மோட்டார்கள். நீலம் நிமிர்ந்து நின்றது. சிவப்பு, வெயிலில் போட்ட வெற்றிலையாகச் சுருண்டு கிடந்தது.

"கொட்டகையை மூடிடலாம்னு முதலாளிக்கு எழுதப்போறேன். உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு தெரியும். இருந்தாலும் ஆய்வுப் பிரிவுல மூத்தவங்க நீங்க. ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்றார்.

"இதைப் போட்டது யாரு சார்?"

"சரவணன்தான். நல்லா பண்ணியிருக்கார்."

சரவணன் அப்போது புதிதாகச் சேர்ந்தவர். கெட்டிக்காரர். இன்று அவர் உங்களுக்கு மேலாளர். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆகவே நாளைக் காலை அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க நினைப்பவர்கள், தங்கள் விடுப்பு விண்ணப்பத்துக்கு ஒப்புதல் வாங்கிவிட்டுச் சிரிப்பது நல்லது.

நிரலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "பாருங்க. ஆனா முதலாளி வர்றதுக்குள்ள முடியணும். அப்புறம் மதினிக்காகத் திருத்தினாங்கன்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாது" என்றார் மேலாளர். மிரட்டலாகச் சொல்லவில்லை. நடக்கக்கூடியதைத்தான் சொன்னார். அதனால் அங்கேயே ஒரு முடிவு எடுத்தேன். இந்த வேலை முடியும்வரை விசைப்பலகையில் என் விரல் படாது. கேள்வி மட்டும்தான் கேட்பேன்.

சரவணன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"தம்பி, மென்பொருளுக்கு எந்தெந்த வரியை அனுப்புனீங்க, எதையெல்லாம் அனுப்பாம விட்டீங்க?"

"விட்டதெல்லாம் காலி வரி மேடம். பழுதான தேதிங்கிற கட்டத்துல ஒன்னுமே இல்லாதது. முதல் வேலையா அதைத்தான் நீக்குனேன். டேட்டா சுத்தமா இருக்கணும்ல?"

"அந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?"

"யாராவது எழுத மறந்திருப்பாங்க."

"மோட்டாரு இன்னும் பழுதாகலைன்னா, அந்தக் கட்டத்துல என்ன இருக்கும்?"

சரவணன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, "ஐயோ" என்றார்.

கொட்டகை தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே கட்டிய மோட்டார் ஒன்று பழுதானால், அது இரண்டு வருஷத்துக்குள் பழுதானதாகத்தான் இருக்க முடியும். கோயம்புத்தூர் மோட்டார்களோ பல வருஷம் ஓடிப் பழுதானவை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அத்தனையும் காலிக் கட்டத்தோடு நின்றன. அவற்றை நீக்கிவிட்டுச் செத்தவற்றின் வயதை மட்டும் அனுப்பினால், கொட்டகை மோட்டார் எல்லாமே அற்பாயுசு என்றுதான் பதில் வரும். பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வருஷம் ஆகிறது, அங்கே படித்த ஒருவர்கூட இன்னும் கலெக்டர் ஆகவில்லை, ஆகவே இழுத்து மூடு என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

மென்பொருள் ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வயதோடும், இது பழுதானதா இன்னும் ஓடுகிறதா என்று ஒரு குறிப்பும் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் எல்லாம் பழுதானவை என்று அது எடுத்துக்கொள்ளும். கோபிக்காது, முறைக்காது, எதிர்க்கேள்வி கேட்காது. கொடுத்ததை வாங்கி அழகான கோடு போட்டுத் தரும். சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தி பரிமாறுபவரைப் போல. இலையில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவர் பார்ப்பதில்லை.

"இதைத் திருத்துறது ஒரே வரி மேடம்," என்றார் சரவணன். அவருக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. "காலியா இருக்கிறதையெல்லாம் 'இன்னைக்கு வரைக்கும் ஓடுது'ன்னு குறிச்சு அனுப்பிடுறேன்."

"ஓடுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அவர் காலிக் கட்டங்களை மறுபடி திறந்து பார்த்தார்.

"முன்னாடி எல்லாத்தையும் தூக்கிப் போட்டோம். இப்ப எல்லாத்துக்கும் உயிர் குடுக்கப்போறோம். ரெண்டும் நாம பாக்காமச் சொல்றதுதானே? அதுவும் இந்தத் தடவை என் மதினிக்குச் சாதகமா."

ஆகவே போனோம். சிலரைப் போனில் பிடித்தோம். போன் எடுக்காதவர்களில் சிலரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்து, பஸ் ஏறினோம். சரவணன் கையில் டேப்லெட்டும், தலையில் தொப்பியும், தோளில் பெரிய தண்ணீர் பாட்டிலுமாக, ஏதோ பாலைவனப் பயணத்துக்குப் புறப்பட்டவரைப் போல வந்தார். திருச்சுழி போய்ச் சேர்வதற்குள் பாட்டில் காலி.

முதலில் பார்த்தது திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டக்காரரை. கட்டிலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"மோட்டாரு எப்படிங்கய்யா ஓடுது?" என்றேன்.

"மோட்டாரு தங்கமாட்டம் இருக்கும்மா. ஒரு சத்தம் கெடையாது."

சரவணன் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார். எனக்கு அந்தச் சத்தமில்லாமை உறுத்தியது. "தண்ணி நல்லா வருதாங்கய்யா?"

"தண்ணி எங்கம்மா வருது? போன கோடையிலயே போரு வத்திப்போச்சு. அதுலருந்து சுச்சே போடல. அதான் சத்தம் இல்லங்கேன்."

சரவணன் டேப்லெட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், இதை ஓடுதுன்னு போடுறதா, ஓடலைன்னு போடுறதா?"

"பொய்யா எதையும் போட்றாதீக தம்பி," என்றார் தோட்டக்காரர் கவலையோடு. "மோட்டாரு மேல ஒரு குத்தமும் இல்ல."

சுவிட்ச் போட்ட கடைசி நாள்வரை அது நன்றாக ஓடியது. அதற்கு மேல் நமக்குத் தெரியாது. அப்படித்தான் குறித்தோம். நரிக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் மோட்டாரை மேலே எடுத்து வாசலில் கிடத்தி, அதில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். "மழை பேஞ்சு போருல தண்ணி ஊறுனா எறக்குவோம். அதுவரைக்கும் சும்மாதான கெடக்கு?" என்றார் வீட்டுக்கார அம்மா. அந்த ஆடு எங்கள் ஆய்வுமேல் எந்த மரியாதையும் காட்டவில்லை. சரவணனின் தொப்பியைக் கடித்துப் பார்த்தது. காரியாபட்டிப் பக்கம் ஒருவர் வேறு சேதி சொன்னார். "அது போன வருசமே எரிஞ்சுபோச்சு. ஒங்க ஆளுக வாரதுக்குள்ள பயிரு காஞ்சிரும்னு இங்கனயே ஒரு கடையில காயில் கட்டிக்கிட்டோம்." நம் கணக்கில் அது காலிக் கட்டம். உண்மையில் அது செத்த மோட்டார். மதினிக்குப் பாதகமான அந்த வரியையும் சேர்த்துக் குறித்தோம்.

திரும்பி வந்து, விசாரித்த ஒவ்வொன்றையும் உரிய குறிப்போடும், எட்டாதவற்றைக் கடைசியாகச் சேதி தெரிந்த நாளோடும் சரவணன் மறுபடி அனுப்பினார். பதில் வந்தது. சிவப்புக் கோடு எழுந்து நின்றது. கோயம்புத்தூருக்குப் பெரிதாகச் சளைத்ததாக இல்லை. சரவணன் மேசையைத் தட்டினார். அன்று மதியம் மதினி எங்கள் இருவருக்கும் கருவாட்டுக் குழம்பு கொடுத்துவிட்டிருந்தார். அந்தக் குழம்புக்கும் இந்த முடிவுக்கும் தொடர்பில்லை என்று சரவணன் இன்றும் சொல்வார். நானும் நம்புகிறேன். ஆனால் அவர் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டதைப் பார்த்த சாட்சி நான்.

சிறிது நேரம் கழித்து அவர் குரல் இறங்கியது. "மேடம், இந்த எண் ஒன்னுக்குக் கீழ நிக்குது."

உங்களுக்கு அது தெரியும், கோட்டோடு சேர்த்து மென்பொருள் தரும் எண், மோட்டார்கள் எந்த வயதில் அதிகம் சாகின்றன என்று காட்டுவது. ஒன்றுக்கு மேலே போனால், வயதாக ஆகத் தேய்ந்து சாகிறது என்று பொருள். ஒன்றுக்குக் கீழே என்றால், பிறந்த கொஞ்ச நாளில்தான் ஆபத்து அதிகம். அதைத் தாண்டிவிட்டால் நீண்ட நாள் ஓடும். கொட்டகை மோட்டார்களில் பெரும்பாலானவை நன்றாக இருந்தன. ஆனால் சில, இறக்கிய வேகத்திலேயே போய்விட்டிருந்தன. காயில் கட்டுவதிலோ, அதற்குப் பிறகோ, ஏதோ ஒன்று சரியில்லை.

கேட்கப்பட்ட கேள்வி மூடவா, வேண்டாமா என்பதுதான். அதற்கு நல்ல பதில் கையில் இருந்தது. இதையும் சொன்னால், மூட நினைப்பவர்களுக்கு நாமே ஒரு கம்பை வெட்டிக் கொடுப்பதாகும். அந்தக் கொட்டகையில் இருந்த பெண்கள் பலருக்கு அதுதான் முதல் மாதச் சம்பளம். ஒருத்தி அதை நம்பி மகளை நர்சிங் படிப்பில் சேர்த்திருந்தாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க தம்பி?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "இதைச் சொல்லாம விட்டா, நான் முதல்ல காலி வரியை நீக்குன மாதிரிதான் மேடம். அப்ப தெரியாமப் பண்ணேன். இப்ப தெரிஞ்சே பண்றதா ஆகும்."

அவர் ஏன் இன்று மேலாளர் என்று கேட்பவர்களுக்கு, எனக்குத் தெரிந்த காரணம் அதுதான்.

கொட்டகைக்குப் போனோம். சேதி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. "வாங்க வாங்க. எங்க மேல குத்தமில்லன்னு கம்ப்யூட்டரு சொல்லிருச்சாமுல்ல?" என்று மதினி வாசலிலேயே நின்றார்.

"மதினி, சீக்கிரமாப் போன மோட்டாரை மட்டும் எடுத்துப் பிரிச்சுப் பாக்கணும்."

அவர் முகம் மாறியது. "ஏன்? எங்க காயிலு மேல நம்பிக்கை இல்லையா?"

"எது மேல குறைன்னு தெரியல. அதுக்குத்தான் பிரிக்கச் சொல்றேன்."

மதினி வேறு யாரையும் விடவில்லை. ஸ்பேனரை வாங்கி, தானே கழற்றினார். ஒவ்வொரு போல்ட்டும் நானாக இருந்திருந்தால் அவருக்கு இன்னும் திருப்தியாக இருந்திருக்கும். முதல் மோட்டாரின் காயில் அப்படியே இருந்தது. "பாத்தியா? பூவாட்டம் இருக்கு" என்றார். இரண்டாவதிலும் அப்படித்தான். ஆனால் இரண்டிலும், சுழலும் தண்டின் பாரத்தைத் தாங்கும் அடி பேரிங் கறுத்துத் தீய்ந்து போயிருந்தது. மூன்றாவதிலும் அதேதான். மதினி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

நீர்மூழ்கி மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் நிரப்பித்தான் மூட வேண்டும். அந்தத் தண்ணீர்தான் பேரிங்குக்கு எண்ணெய் மாதிரி. ஊற்றியதும் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். நிறுத்திவைத்து, காற்று வெளியேறிய பிறகு மறுபடி ஊற்றி நிரப்ப வேண்டும். ஊற்றியவுடன் மூடினால் பாதி நிரம்பாமலே போரில் இறங்கும், அடி பேரிங் வறண்டு ஓடும். சரவணன் தேதிகளைப் பார்த்தார். சீக்கிரமாகச் செத்தவை பெரும்பாலும் போன கோடையில் கொட்டகையை விட்டுப் போனவை. வந்த மோட்டார் அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும் என்று மேலாளர் உத்தரவு போட்ட காலம் அது.

"வெளிய லோடு ஆட்டோ நின்னுக்கிட்டு ஆரன் அடிச்சுக்கிட்டே இருப்பான்," என்றார் மதினி. "ஊத்துனதும் மூடித் தூக்கி விட்டோம். ஒன்னும் ஆகாதுன்னு நெனச்சேன்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "இத எழுதுவியா வசந்தா?"

"எழுதணும் மதினி."

"எழுது. ஆனா ஆரன் அடிச்சவனையும் சேத்து எழுது."

முதலாளி வந்த அன்று மேலாளர், என்னைப் பார்க்காமல், சேதியைச் சுருக்கிச் சொன்னார். "முதல்ல மோசம்னு வந்துச்சு. இப்ப நல்லாருக்குன்னு வருதுங்கய்யா. கொட்டகையில இருக்கிறது இவங்க மதினி."

முதலாளி நிலபுலம் உள்ள குடும்பத்துக்காரர். வளவள என்று பேசினால் அவருக்குப் பிடிக்காது. "ஒரே வார்த்தையில சொல்லுங்க. மூடவா, வேணாமா?"

பதில் சொல்ல வேண்டியது நான் அல்ல. சரவணன் எழுந்தார். "ஒரு வார்த்தையில வராதுங்கய்யா. ரெண்டு வார்த்தையா சொல்லட்டுமா?"

"சொல்லு."

"மூட வேணாம். அவசரப்படுத்த வேணாம்."

"அது நாலு," என்றார் முதலாளி. ஆனால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சரவணன் முழுவதையும் சொன்னார். தான் முதலில் நீக்கிய வரிகள், சுவிட்ச் போடாத மோட்டார், காரியாபட்டியில் எரிந்தது, தீய்ந்த பேரிங், அன்றைக்கே திருப்பி அனுப்பும் உத்தரவு. மேலாளர் இடையில் ஒருமுறை தண்ணீர் குடித்தார். மறுக்கவில்லை. நேர்மையான மனிதர்தான். சீக்கிரம் கிளம்பி வரும் நாட்களில் மட்டும் கொஞ்சம் அவசரக்காரர்.

முதலாளி மதினியை வரவழைத்துக் கேட்டார். "ஏம்மா, நிறுத்தி வச்சு அனுப்புனா ஒரு நாளைக்குப் போற மோட்டாரு எண்ணிக்கை கொறையுமே?"

"கொறையும்யா. ஆனா போனது திரும்பி வராது."

முதலாளி அந்தக் கோடைக்கு மட்டும் பொறுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். எப்போது மோட்டார் வெளியே போகலாம் என்பதை மதினிதான் சொல்வார், லோடு ஆட்டோ சொல்லாது என்றும் முடிவானது. ஆட்டோக்காரர் இரண்டு நாள் ஆரன் அடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கொட்டகைக்குள் வந்து டீ கேட்டார்.

எனக்குத்தான் கிடைக்கவேண்டியது கிடைத்தது. அந்தக் கோடை முழுக்க மதினி என்னோடு பேசவில்லை. அண்ணன் நடுவில் போய்ச் சமாதானம் பேசினார். "எழுதுன்னுதான் சொன்னேன். சபையில வாசிக்கச் சொன்னேனா?" என்று அவருக்கும் விழுந்தது. அவரும் ஜாதகக் கிண்டலோடு நிறுத்திக்கொண்டார். மதினிமேல் எனக்கு வருத்தமில்லை. நாம் அனுப்பும் ஒவ்வொரு அறிக்கையும் யாரோ ஒருவர் கைவேலையைச் சபையில் வைத்து வாசிப்பதுதான். அது உண்மையாக இருந்தாலும் வலிக்கும். வலிக்கும் என்பதற்காக எண்ணை மாற்றாதீர்கள். எண் சரி என்பதற்காக, எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்காமலும் இருக்காதீர்கள்.

மழைக்கு முன்னால் சரவணன் புதிய தரவை அனுப்பிப் பார்த்தார். இறக்கிய வேகத்தில் படுக்கும் மோட்டார்கள் அரிதாகியிருந்தன. டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார், மதினியிடம் காட்டுவதற்கு. போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"என்னாச்சு தம்பி? காட்டுனீங்களா?"

"அவங்க திரையவே பாக்கல மேடம். 'அத ஓரமா வச்சுட்டு இத ஊத்து'ன்னு ஒரு மோட்டாரைக் குடுத்துட்டாங்க. ஊத்திட்டு மூடப் போனேன், கையிலயே ஒன்னு போட்டாங்க. நின்னு பாக்கச் சொன்னாங்க." சட்டையைப் பிழிந்தார். "குமிழி வருது மேடம். நின்னுபோச்சுன்னு நினைக்கிறோம், மறுபடி ஒன்னு வருது."

"வேற ஒன்னும் சொல்லலையா?"

"சொன்னாங்க. 'உங்க மேடத்தை ஞாயித்துக்கெழம சாப்பிட வரச் சொல்லு. வெறுங்கையோட வரச் சொல்லு, பேப்பரு கீப்பரு தூக்கிக்கிட்டு வந்தா வாசப்படி ஏற விட மாட்டேன்'னாங்க."